பக்கத்தில் நிற்பவளிடம் ஏன் இந்தக் கத்தல்? அமேசானின் இரண்டு பறவைகள்

[திரை இருட்டு. காட்டின் ஒலி மட்டும்: பூச்சிகளின் ரீங்காரம், எங்கோ நீர் சொட்டும் சத்தம். அதைக் கிழித்துக்கொண்டு ஒரு விசில்.]

க்வீ… க்வீ-யோ!

இந்தக் குரலை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். அமேசான் போய்க் கேட்டிருக்க வேண்டியதில்லை. சினிமாவில் அடர்ந்த காடு என்று ஒரு காட்சி வந்தால், பின்னணியில் இந்த விசில் பல தடவை ஒலித்திருக்கிறது. கதை நடப்பது வேறு கண்டத்தில் இருந்தாலும் இதே குரலைப் போட்டுவிடுவார்கள். காடு என்றால் இப்படித்தான் சத்தம் வரும் என்று நம் காது பழகியது பெரும்பாலும் இந்த ஒரு பறவையால்தான். அதன் பெயர் பீஹா. முழுப் பெயர் ஸ்க்ரீமிங் பீஹா, அலறும் பீஹா. தென் அமெரிக்காவுக்கு வெளியே எந்தக் காட்டிலும் அது கிடையாது.

அடுத்த ஒலிக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். ஹெட்போன் போட்டிருந்தால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

[ஒலி: வெள்ளை மணிப்பறவை. முதலில் உலோகத்தில் தட்டியது போல ஒரு ஸ்வரம். சின்ன இடைவெளி. இரண்டாவது ஸ்வரம்.]

இது வெள்ளை மணிப்பறவை. பெல்பேர்ட் என்ற பெயரை வைத்துக் கோயில் மணி போல இனிமையாக இருக்கும் என்று நினைத்திருந்தால் இப்போது தெரிந்திருக்கும். எனக்கு இது மணியை விட ஹாரன் மாதிரித்தான் கேட்கிறது. இதுவரை அளக்கப்பட்ட பறவைக் குரல்களிலேயே அதிக உரத்தது இதுதான். 2019-ல் இது முதலிடத்துக்கு வரும்வரை அந்த இடத்தில் இருந்தது, முதலில் கேட்டோமே, அந்த பீஹா.

இரண்டும் ஒரே குடும்பம், கோட்டிங்கா. இரண்டும் பழம் தின்னும் பறவைகள். இரண்டிலும் ஆண் கூடு கட்டுவதில்லை, அடைகாப்பதில்லை, குஞ்சுக்கு இரை கொடுப்பதில்லை. கத்துவதுதான் அதன் வேலை. அந்த ஒரே வேலையை இரண்டும் எவ்வளவு வேறுபட்ட முறையில் செய்கின்றன என்பதுதான் இந்த வீடியோ.

[காட்சி: காட்டின் நடு அடுக்கு. மங்கிய வெளிச்சம். கேமரா கிளை கிளையாகத் தேடுகிறது.]

முதலில் பீஹா. அது எங்கே இருக்கிறது என்று இந்தக் காட்சியில் தேடிப் பாருங்கள். ஒரு பத்து விநாடி தருகிறேன்.

[பத்து விநாடி. விசில் இரண்டு முறை கேட்கிறது.]

கண்டுபிடிக்க முடியாவிட்டால் பரவாயில்லை. நம்ம ஊர் மைனா அளவுள்ள பறவை. உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம், இறக்கையில் லேசாகப் பழுப்பு. கொண்டை இல்லை, கழுத்தில் வண்ணம் இல்லை, நீண்ட வால் இல்லை. ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உச்சி விதானத்துக்குக் கீழே, நிழல் கவிந்த கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அமேசான் காட்டுக்குப் போகிற எல்லோர் காதிலும் விழுகிற குரல். ஆனால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அதனால்தானோ என்னவோ, ஊர்ப் பெயர்கள் எல்லாம் அதன் குரலைப் பிடித்தே அமைந்திருக்கின்றன. பிரேசிலில் ‘க்ரிக்ரியோ’. கயானாவில் ‘பி-பி-யோ’. அறிவியல் பெயர் லிபாகஸ் வோசிஃபெரான்ஸ். வோசிஃபெரான்ஸ் என்றால் லத்தீனில் ‘உரக்கக் கத்துகிற’ என்று பொருள். 1820-ல் அந்தப் பெயரைச் சூட்டியவர் ஜெர்மானிய இயற்கையியலாளர் வீட்-நாய்வீட் இளவரசர் மாக்ஸிமிலியன். பறவையின் நிறத்தைப் பற்றிச் சொல்ல அவருக்கும் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது.

[காட்சி: பீஹா கிளையில். மிக நெருக்கமாக, மெதுவாக ஓடும் படம்.]

இப்போது கிட்டத்தில் பார்ப்போம். விசிலுக்கு முன்னால் ஒரு சின்ன முனகல் வரும், ‘க்ரூ… க்ரூ…’ என்று. பதிவுகளில் இதைப் பலர் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் அடுத்து வருகிற சத்தம் இதை மூழ்கடித்துவிடும். அந்த முனகலோடு உடம்பு கொஞ்சம் உப்புகிறது. அப்புறம் தலை பின்னால் சாய்கிறது, அலகு முழுசாகத் திறக்கிறது. க்வீ… க்வீ-யோ. முடிந்ததும் தலை பழைய நிலைக்கு வந்துவிடும், பறவை மறுபடியும் கிளையோடு கிளையாகிவிடும். அடுத்த முறை வரை அங்கே ஒன்றும் நடக்காதது போல இருக்கும்.

இதைப் பகல் பொழுதின் பெரும்பகுதியும் செய்கிறது. விடியலில் மட்டும் பாடிவிட்டு ஓய்கிற பறவை இல்லை. மற்ற பறவைகள் அடங்கிப்போகிற உச்சிவெயில் நேரத்திலும் இது நிறுத்தாது. அதுவும் தனியாக இல்லை. ஒவ்வொரு ஆணுக்கும் பாட்டுக்கென ஓர் இடம் உண்டு, பக்கத்து ஆணின் குரல் கேட்கிற தூரத்தில். ஒன்று கத்தினால் அடுத்தது பதில் கொடுக்கும், அதற்கு இன்னொன்று. பெண்ணைக் கவர ஆண்கள் இப்படி ஓரிடத்தில் கூடி ஆடுவதை, பாடுவதை, பறவையியலில் ‘லெக்’ என்பார்கள். மயிலாட்டம் போன்ற லெக்குகளில் ஆண்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். பீஹாவின் லெக் விரிந்து கிடப்பது. ஒரு ஆணின் கண்ணுக்கு அடுத்த ஆண் பெரும்பாலும் தெரியாது. சத்தம்தான் அவற்றை ஒரு கூட்டமாகக் கட்டி வைத்திருக்கிறது.

பெண் பீஹாவின் பங்கைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குச்சிகளை அடுக்கி ஒரு சின்னத் தட்டு மாதிரி கூடு. ஒரே ஒரு முட்டை. அந்த முட்டை நிற்கிற அளவுக்குத்தான் கூடே இருக்கும். அடைகாப்பதும் வளர்ப்பதும் அவள் ஒருத்தியே. இவ்வளவு பெரிய சத்தம் போடுகிற இனத்தில், குஞ்சு வளர்கிற இடம் இவ்வளவு சின்னதாக, சத்தமே இல்லாமல் இருக்கிறது. எதிரிகளின் கண்ணில் படாமல் இருக்க அதுதான் வழி. இந்தப் பறவைகளைப் பற்றி வாசிக்கும்போது என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது ஆணின் டெசிபலை விட இந்தக் கூடுதான்.

ஒரு பெண்ணால் தனியாக எப்படிச் சமாளிக்க முடிகிறது? டேவிட் ஸ்னோ, பார்பரா ஸ்னோ என்ற பிரிட்டிஷ் தம்பதி, 1950-களின் பிற்பகுதியில் டிரினிடாட் தீவிலிருந்து தொடங்கிப் பல வருடங்கள் பழம் தின்னும் பறவைகளையே கவனித்தார்கள். டேவிட் ஸ்னோ முன்வைத்த விளக்கம் இது: பூச்சி ஓடி ஒளியும், பழம் ஒளியாது. விதையைக் கொண்டுபோக ஆள் வேண்டும் என்பதற்காக மரமே பழத்தை நீட்டிக் காட்டுகிறது. பழக்காலத்தில் உணவு தேட அதிக நேரம் ஆகாது. அதனால் பெண்ணால் தனியாகக் குடும்பத்தை நடத்த முடிகிறது, ஆணுக்கு நாள் முழுவதும் நேரம் மிஞ்சுகிறது. அந்த மிச்ச நேரம்தான் காடு முழுக்க விசிலாகக் கேட்கிறது.

[காட்சி: மலைச்சரிவுக் காடு. எல்லா மரங்களுக்கும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மொட்டைக் கிளை. அதில் தூய வெள்ளையாய் ஒரு புள்ளி.]

சரி, இப்போது மேலே ஏறுவோம்.

மணிப்பறவையைத் தேட வேண்டியதில்லை. கயானா, சூரினாம், பிரெஞ்சு கயானா, வெனிசுவேலா, வட பிரேசில் காடுகளில், உயர்ந்த மரத்தின் உச்சியில், இலை மறைக்காத கிளையில் அது நிற்கும். ஆண் முழுக்க வெள்ளை. கிட்டத்தட்ட மாடப்புறா அளவு, எடை சுமார் 250 கிராம். அலகின் மேல்பக்க அடியிலிருந்து ஒரு கருப்புத் தசைத்தொங்கல் புழு போலத் தொங்கும். அதில் அங்கங்கே நட்சத்திரம் தூவியது போலக் குட்டி வெள்ளை இறகுகள். பெண்ணுக்கு இந்தத் தொங்கல் கிடையாது. அவள் ஆலிவ் பச்சை, வயிற்றுப் பக்கம் மஞ்சள் கலந்த கோடுகள். இலைகளுக்குள் போய்விட்டால் கண்ணுக்கே தெரியமாட்டாள்.

இந்தத் தொங்கல் பற்றி ஒரு பழைய கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கயானாக் காடுகளில் சுற்றிய சார்ல்ஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேயர், இதற்குள் காற்று நிறையும்போது இது கோபுரக் கூர் போல மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் என்று எழுதினார். அது தவறு. எப்போதும் கீழ்நோக்கித்தான் தொங்கும். ஆனால் அதே வாட்டர்டன், இந்தக் குரல் மூன்று மைல் தாண்டிக் கேட்கும் என்றும் எழுதினார். அந்தக் காலத்தில் அது மிகைப்படுத்தல் மாதிரி தெரிந்திருக்கலாம். குரலின் வலிமையைப் பார்த்த பிறகு அதை நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பிரேசிலில் மணிப்பறவைகளுக்கு ‘அரபோங்கா’ என்று பெயர். பிரேசிலின் பழங்குடி மொழியான துப்பியில் பறவை, ஒலி என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. அங்கே கிழக்குக் கடற்கரைக் காட்டில் இதற்கு ஒரு சொந்தம் இருக்கிறது, தொண்டையில் இறகில்லாத மணிப்பறவை. அதை ‘ஃபெரேய்ரோ’ என்றும் கூப்பிடுவார்கள், கொல்லர் என்று அர்த்தம். பட்டடையில் சுத்தியல் விழுகிற சத்தம். மணி என்று பெயர் வைத்தவரை விடக் கொல்லர் என்று வைத்தவருக்குத்தான் காது நன்றாக இருந்திருக்கிறது.

[திரையில் இரண்டு எண்கள்: 116 … 125]

எண்களுக்கு வருவோம். பறவையின் சத்தத்தைக் காட்டில் அளப்பது கடினம். இணையத்தில் ஆயிரக்கணக்கான பதிவுகள் இருக்கின்றன, ஆனால் பதிவை வைத்து உரப்பைச் சொல்ல முடியாது. பறவை எவ்வளவு தூரத்தில் இருந்தது, மைக்கை எவ்வளவு கூட்டி வைத்தார்கள் என்று தெரியாது. அதனால்தான் உலகின் உரத்த பறவை எது என்ற கேள்வி ரொம்ப நாள் தொங்கலில் இருந்தது. 2004-ல் பீஹாவின் குரலை அளந்து எர்வின் நெமெத் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்விக்குறியோடுதான் முடிகிறது.

மணிப்பறவையின் கதை, சத்தத்தில் தொடங்கவில்லை. வயிற்றில் தொடங்கியது. மனாஸ் நகரில் உள்ள பிரேசிலின் அமேசான் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மாரியோ கோன்-ஹாஃப்ட், ஒரு மணிப்பறவையின் உடலை ஆராயும்போது வயிற்றுத் தசை வழக்கத்துக்கு மாறாகத் தடித்திருப்பதைப் பார்த்தார். விலா எலும்புகளும் அப்படித்தான். இத்தனை கனத்த தசை எதற்கு? மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி போடோஸும் அவரும் சேர்ந்து, வட பிரேசிலின் ரொராய்மா மாநிலத்து மலைக்காட்டில் அளவுதிருத்திய ஒலிக்கருவிகளோடும் அதிவேகக் கேமராவோடும் இறங்கினார்கள். முடிவு 2019 அக்டோபரில் வெளியானது. ஒரு மீட்டர் தூரத்துக்குக் கணக்கிட்டால் பீஹாவின் உச்சம் 116 டெசிபல். மணிப்பறவையின் உச்சம் 125.

ஒன்பதுதானே வித்தியாசம் என்று தோன்றும். டெசிபல் அப்படிக் கூட்டிப் பார்க்கிற அளவு இல்லை. ஒன்பது டெசிபல் கூடினால் காற்றில் ஏற்படும் அழுத்தம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, ஆற்றல் ஏறக்குறைய எட்டு மடங்கு. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் வேலை செய்கிறவர்களுக்குக் காது கெடாமல் இருக்கப் பரவலாகப் பரிந்துரைக்கிற வரம்பு 85 டெசிபல். இங்கே கால் கிலோ எடையுள்ள ஒரு பறவை 125-ஐத் தொடுகிறது.

இதற்கு அது ஒரு விலை கொடுக்கிறது. குரல் எவ்வளவு உரக்கிறதோ, பாட்டு அவ்வளவு குறுகுகிறது. மூச்சு அவ்வளவுதான் தாங்கும். 125-ல் பாடிக்கொண்டே நீட்டி முழக்க முடியாது.

[காட்சி: மொட்டைக் கிளை. ஆண் நிற்கிறது. பச்சை நிறப் பெண் வந்து அதே கிளையில் இறங்குகிறது. மிக மெதுவாக ஓடும் படம்.]

இப்போது நான் இந்த வீடியோ எடுக்கவே காரணமான காட்சி.

மணிப்பறவையிடம் இரண்டு பாட்டுகள் உண்டு. ஒன்று உரத்தது. மற்றது அதையும் விட உரத்தது, ஆனால் அபூர்வமாகத்தான் கேட்கும். அந்த உச்சக் குரல் தொலைதூரத்துப் பெண்ணைக் கூப்பிட என்றுதானே யாரும் நினைப்போம்? இல்லை. பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் அதைப் பாடுகிறது. ஆய்வாளர்கள் பார்த்தபோதெல்லாம், பெண் கிளையில் இருந்தால் ஆண் இந்தப் பாட்டை மட்டுமே பாடியது.

படத்தைக் கவனியுங்கள். முதல் ஸ்வரத்தை அது பெண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடுகிறது. பிறகு கால்களை அகட்டி, ஒரே சுழலில் திரும்புகிறது. தொங்கல் பக்கவாட்டில் விசிறியடிக்கிறது. பெண் இருந்த இடத்துக்கு நேராக முகத்தை வைத்து, அகலமாக வாயைத் திறந்து, இரண்டாவது ஸ்வரம்.

ஆனால் பெண் அங்கே இல்லை.

இது வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆண் திரும்புகிற அந்த இடைவெளியிலேயே அவள் பின்பக்கமாகப் பறந்து நான்கு மீட்டர் போல விலகிவிடுகிறாள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஆறு டெசிபல் குறையும். ஒரு மீட்டரிலிருந்து நான்கு மீட்டர் போனால் பன்னிரண்டு குறையும். 125 என்பது 113 ஆகிறது. காதில் விழுகிற ஆற்றல் பதினாறில் ஒரு பங்கு. ஒரே ஒரு சிறகடிப்பில் அவள் சம்பாதிப்பது இவ்வளவு. அப்படி விலகியும் 113 டெசிபல் என்பதை மறந்துவிடாதீர்கள்.

காது வலிக்கிற இடத்துக்கு அவள் ஏன் வருகிறாள்? போடோஸ் சொல்வது, பெண் ஆணைக் கிட்டத்தில் இருந்து எடை போடப் பார்க்கிறாள், செவிக்குக் கேடு வரலாம் என்ற ஆபத்தோடு. தூரத்திலிருந்து வருகிற சத்தம் ஏமாற்றும். காற்று மாறும், இலை மறைக்கும், பக்கத்தில் இருக்கும் எளிய ஆண் தூரத்தில் இருக்கும் வலிய ஆணை விட உரத்ததாகத் தெரியும். பக்கத்தில் நின்றால் மறைக்க ஒன்றும் இல்லை. வயிற்றுத் தசை, மூச்சு, வாயின் அகலம், எல்லாம் ஒரே ஸ்வரத்தில் தெரிந்துவிடும். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் அப்படித் தேர்ந்தெடுத்ததில் தசை தடித்து, குரல் ஏறி, பாட்டு சுருங்கியிருக்கிறது என்பதே இதை நான் புரிந்துகொள்ளும் விதம்.

[திரை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் நிழலில் பீஹா. வலப்பக்கம் வெயிலில் மணிப்பறவை.]

இந்த இடத்தில் பீஹாவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு வெள்ளை உடை இல்லை, தொங்கல் இல்லை, சுழன்று திரும்பும் ஆட்டமும் இல்லை. இலைகளுக்கு நடுவே கண்ணுக்குப் படாத பறவைக்கு இருக்கிற ஒரே ஆயுதம் குரல். அது நாள் முழுக்க, தூரம் வரை, பக்கத்து ஆண்களோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும். உச்சத்துக்குப் போய் ஒரே ஸ்வரத்தில் தீர்ந்துபோகிற பாட்டு அதற்குச் சரிப்படாது. மணிப்பறவையோ முதலில் கண்ணுக்குத் தெரிகிறது, பிறகு காதுக்குக் கேட்கிறது, கடைசியில் கிட்டத்தில் வந்தவளிடம் தன் முழு பலத்தையும் இறக்குகிறது. யார் பெரியவர் என்று ஒரு பட்டியல் போட்டு 125, 116 என்று எழுதினால் இதெல்லாம் காணாமல் போய்விடும். அப்படிப் போடப்படுகிற ‘டாப் டென்’ வீடியோக்கள் எனக்குப் பிடிக்காததற்கு அதுவே காரணம். எடைக்கு எடை பார்த்தால், மணிப்பறவையில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள பீஹா 116 வரை போவது எனக்கு அதே அளவுக்கு வியப்பு.

[காட்சி: விழுந்த மரத்தால் காட்டில் ஏற்பட்ட வெளிச்சத் திட்டு. தரையில் முளைகள்.]

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கே நின்று கத்துகிறது என்பது காட்டுக்கும் முக்கியம். கோஸ்டா ரிக்காவின் மோண்ட்டேவெர்டே மேகக்காட்டில் இந்தக் குடும்பத்தின் இன்னொரு உறுப்பினர், மூன்று தொங்கல் மணிப்பறவை இருக்கிறது. அங்கே வென்னி, லெவி என்ற இரு ஆய்வாளர்கள் 1998-ல் காட்டிய விஷயம் இது. அந்தப் பறவை பழத்தை விழுங்கிவிட்டுத் தன் பாட்டுக் கிளைக்குத் திரும்பி, அங்கேயே விதையைத் துப்புகிறது. பாட்டுக் கிளை பெரும்பாலும் காட்டின் வெளிச்சத் திட்டுகளின் ஓரத்தில் இருக்கும் பட்டமரம். வெளிச்சம் விழுகிற இடத்தில் விழுந்த விதையின் முளை பூஞ்சைக்குத் தப்பிப் பிழைத்தது அதிகம். பெண்ணின் கண்ணில் பட வேண்டும் என்று ஆண் தேர்ந்தெடுத்த இடம், ஒரு காட்டு மரத்துக்கு நாற்றங்காலாகிவிட்டது.

இரண்டு பறவைகளும் இன்று அழிவின் விளிம்பில் இல்லை, பரந்த பரப்பில் வாழ்கின்றன. ஆனால் பீஹாவுக்கு அமேசானை விட்டுத் தள்ளி, பிரேசிலின் கிழக்குக் கடற்கரைக் காட்டிலும் ஒரு தனிக் கூட்டம் உண்டு. மாக்ஸிமிலியன் பயணம் செய்தது அந்தக் கரையோரம்தான். அந்தக் காட்டின் பெரும்பகுதி இன்று கரும்பும் மேய்ச்சல் நிலமும் நகரமுமாக ஆகிவிட்டது. கொல்லர் மணிப்பறவையையும் அங்கே குரலுக்காகவே பிடித்துக் கூண்டில் வைக்கிறார்கள். காடு முழுக்கக் கேட்பதற்காக வந்த குரலை ஒரு வீட்டுத் திண்ணைக்குள் அடைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கேட்க ஆசை இருந்தால் கூண்டு தேவையில்லை. ஸீனோ-கேன்ட்டோ என்ற இணையதளத்தில் உலகெங்கும் உள்ளவர்கள் பதிவு செய்த பறவைக் குரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பீஹாவைத் தேடி எடுத்து, விசிலுக்கு முந்தைய அந்த முனகல் பிடிபடுகிறதா என்று கேளுங்கள். பிடிபட்டால் பறவை மைக்குக்கு மிகக் கிட்டத்தில் இருந்திருக்கிறது. மணிப்பறவையில் இரண்டு ஸ்வரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த நேரத்தில் கிளையில் என்ன நடக்கிறது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

[ஒலி: மணிப்பறவையின் முதல் ஸ்வரம். இடைவெளி. ஒரு சிறகடிப்பு.]

[திரை இருளுகிறது.]